புதிய இன்ஹேலருக்கு மாறும்போது கவனிக்க வேண்டியவை

பல ஆண்டுகளாகச் சால்ப்யூட்டமால் பஃப் ஒன்றையே நம்பி ஆஸ்துமாவைச் சமாளித்து வந்தவருக்கு மருத்துவர் புடசோனைடு என்ற ஸ்டீராய்டும் மூச்சுக்குழாயைத் தளர்த்தும் ஃபார்மோட்டராலும் சேர்ந்த இன்ஹேலரை எழுதிக் கொடுத்தால், ஒரு வாரத்திலேயே "இது எனக்குக் கேட்கவில்லை" என்று அதை ஒதுக்கி வைத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. பெரும்பாலும் கோளாறு மருந்தில் இருப்பதில்லை. இழுக்கும் முறையில்தான் இருக்கிறது.

சால்ப்யூட்டமால் இறுகிய மூச்சுக்குழாய்த் தசையைச் சில நிமிடங்களில் தளர்த்துகிறது. ஆனால் 4 முதல் 6 மணி நேரத்தில் அதன் பலன் தீர்ந்துவிடுகிறது, குழாயின் உட்சுவரில் உள்ள அழற்சியும் அப்படியே இருக்கிறது. அதனால்தான் உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டியான ஜினா, பெரியவர்களும் வளரிளம் பருவத்தினரும் அதை மட்டுமே தனியாகப் பயன்படுத்துவதை 2019 முதல் பரிந்துரைப்பதில்லை. அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தின் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால், இரண்டு நாள் நன்றாக இருந்தவுடன் நிறுத்துவதும், இரண்டு நாளில் குணம் தெரியவில்லை என்று நிறுத்துவதும் ஒரே தவறுதான். திடீரென்று இளைப்பு வந்தால் புதிய இன்ஹேலரையே இழுக்கலாமா, பழையதைத்தான் எடுக்க வேண்டுமா என்பதை மருத்துவரிடம் முதல் நாளே தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஏனெனில் ஃபார்மோட்டராலுக்குப் பதிலாக, மெதுவாக வேலை செய்யத் தொடங்கும் சால்மெட்டரால் கலந்த இன்ஹேலர்கள் அவசரத்துக்கு உதவா.

இனி இழுக்கும் முறை. ஸ்பிரே வகையை நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, உதடுகளால் வாய்ப்பகுதியை இறுகக் கவ்வி, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும் நொடியில் அழுத்தி, இழுப்பை மூன்று முதல் ஐந்து நொடிகள் நீட்டி, பிறகு பத்து நொடி மூச்சை அடக்க வேண்டும். வாயோரத்திலோ இன்ஹேலரின் மேற்பக்கத்திலோ வெண்புகை எழுந்தால், அந்த மருந்து நுரையீரலுக்குப் போகவில்லை என்று அறியலாம். கையும் மூச்சும் ஒத்துழைக்காதவர்களுக்கு, இன்ஹேலரின் வாயில் பொருத்தி அதன் வழியாக மருந்தை இழுக்கும் குழாயான ஸ்பேசர் பெரும் உதவி; என் கருத்தில், ஸ்பிரே வகையை எடுக்கும் எல்லோருமே அதை வைத்துக்கொள்வது நல்லது. ஸ்பேசரைக் கழுவியபின் துணியால் துடைக்காமல் காற்றில் உலரவிட வேண்டும், துடைத்தால் உண்டாகும் நிலைமின்னேற்றம் மருந்தைச் சுவரிலேயே ஒட்டவைத்துவிடும்.

கேப்ஸ்யூல் போட்டு இழுக்கும் பவுடர் வகைக்கு இதற்கு நேர்மாறாக, தொடக்கத்திலிருந்தே வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். கருவிக்குள் ஊதக்கூடாது, ஊதினால் வாயின் ஈரம் பட்டுப் பவுடர் கட்டிக்கொள்ளும். இழுத்து முடித்ததும் திறந்து பார்த்து, தூள் மிஞ்சியிருந்தால் இன்னொரு முறை இழுக்க வேண்டும். ஸ்பிரேயிலிருந்து பவுடருக்கு மாறியவர் பழைய பழக்கத்தில் மெதுவாக இழுத்தால் மருந்தின் பெரும்பகுதி தொண்டையிலேயே தங்கிவிடும்.

ஸ்டீராய்டு உள்ள எந்த இன்ஹேலருக்குப் பிறகும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும்; தவறினால் வாயில் வெள்ளைப் பூஞ்சையும் குரல் கம்மலும் வரக்கூடும். "பஃப் பழகிவிட்டால் விடமுடியாது, மாத்திரையே மேல்" என்பார்கள். ஒரு சால்ப்யூட்டமால் பஃப்பில் 100 மைக்ரோகிராம் மருந்துதான். 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் 40 பஃப்புக்கு ஈடான மருந்து இருக்கிறது, அதுவும் உடல் முழுவதும் பரவிக் கைநடுக்கத்தையும் படபடப்பையும் தருகிறது.

கொசுவர்த்தி, சாம்பிராணி, போகிப் புகை ஆகியவற்றிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பதைப் பலரும் அறிவர். கண்நீர் அழுத்தத்துக்கான டிமலால் சொட்டு மருந்தும் இளைப்பைத் தூண்டும் என்பது அவ்வளவாகத் தெரியாத செய்தி. எனவே கண் மருத்துவரிடமும் ஆஸ்துமா இருப்பதைச் சொல்ல வேண்டும்.

வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் அவசர மருந்து தேவைப்பட்டாலோ, இரவில் இருமலோ இளைப்போ எழுப்பினாலோ நோய் இன்னும் கட்டுக்குள் வரவில்லை. இன்ஹேலரையும் கையோடு எடுத்துச் சென்று, மருத்துவர் முன்னால் இழுத்துக் காட்ட வேண்டும். ஒரு வாக்கியத்தைக்கூடப் பேசி முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, அவசர மருந்துக்கும் அடங்காவிட்டாலோ உடனே 108-ஐ அழைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை நோயாளியைப் படுக்கவிடாமல் நிமிர்ந்து உட்காரவைத்து, ஸ்பேசர் வழியாக அவசர மருந்தை ஒவ்வொரு பஃப்பாகக் கொடுத்துவர வேண்டும்.