கட்டைச் செரிஃபும் மெல்லிய கோடும்: கான்ட்ராஸ்ட் கூடிய ஸ்லாப் ஃபான்ட் வரைவதும் பயன்படுத்துவதும்

ஸ்லாப் செரிஃப் என்றால் எழுத்தின் தலையிலும் காலடியிலும் படுத்திருக்கும் தடித்த கட்டை. கான்ட்ராஸ்ட் என்றால் ஒரே எழுத்துக்குள் பருத்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டையும் ஒரே ஃபான்ட்டில் கேட்டால் உடனே சண்டைதான், ஏனென்றால் கான்ட்ராஸ்ட் கிடைக்கோடுகளை மெலியச் சொல்கிறது, செரிஃபும் ஒரு கிடைக்கோடு, அதை ஸ்லாப் தடிக்கச் சொல்கிறது. இந்த வழக்கை எங்கே தீர்த்து வைக்கிறீர்கள் என்பதுதான் டிசைன். மற்றதெல்லாம் பொறுமை.

கொஞ்சம் பழசையும் பார்த்துவிடுங்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், விளம்பரத் தாள்கள் பெருகிய நேரத்தில், இங்கிலாந்தில் ஃபேட் ஃபேஸ் வந்தது: பருத்த தண்டு (எழுத்தின் நிமிர்ந்த முக்கியக் கோடு), இருக்கிறதா இல்லையா என்று தெரியாத செரிஃப். அப்புறம் வின்சென்ட் ஃபிக்கின்ஸின் ஆன்டிக்: கட்டைச் செரிஃப், கான்ட்ராஸ்ட் மிகக் குறைவு. 1845-இல் ராபர்ட் பெஸ்லி வெளியிட்ட கிளாரெண்டன், செரிஃபைத் தண்டோடு ஒரு வளைவால் இணைத்து, கான்ட்ராஸ்ட்டையும் சற்றுக் கூட்டியது. நாம் போக வேண்டிய இடம் ஃபேட் ஃபேஸுக்கும் கிளாரெண்டனுக்கும் நடுவில்.

சரி, வரையலாம். ஃபான்ட் வரையும் மென்பொருள் கிளிஃப்ஸோ, இலவசமாகக் கிடைக்கும் ஃபாண்ட்ஃபோர்ஜோ, எதுவானாலும் பரவாயில்லை. முதலில் முடிவு செய்ய வேண்டியவை மூன்று தடிமன்கள். 1000 யூனிட் சதுரத்தில் வேலை செய்கிறீர்கள் என்றால் தண்டு 180, செரிஃப் 70, மெல்லிய கோடு 24 என்று தொடங்கிப் பாருங்கள். செரிஃப் தண்டின் பாதியைத் தாண்டினால் கான்ட்ராஸ்ட் கண்ணில் படாமல் போகிறது, மெல்லிய கோட்டின் அருகில் இறங்கினால் ஸ்லாப் என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிஞ்சாது. ஒரே அளவில் வரைந்தாலும் கிடைக்கோடு நிமிர்ந்த கோட்டைவிடத் தடித்துத் தெரியும், அதனால் எண்ணை நம்பாமல் கண்ணை நம்புங்கள்.

ஆங்கிலத்தின் பெரிய எச் (H), பெரிய ஓ (O), சின்ன என் (n), சின்ன ஓ (o): இந்த நான்கும் தேறும்வரை ஐந்தாவது எழுத்தைத் தொடாதீர்கள். தேறிய பிறகு நேரே சின்ன எம்முக்கு (m) போங்கள், சிக்கல் அங்கேதான் இருக்கிறது. சின்ன n எழுத்தில் இரண்டு கால்களுக்கு நடுவே 240 யூனிட் வெளி, இரு பக்கமிருந்தும் செரிஃப் 70 உள்ளே நீள்கிறது, மீதி 100. எம்மில் அந்த வெளியையே 190-ஆக ஒடுக்க வேண்டியிருக்கும், அதே செரிஃபை வைத்தால் மிஞ்சுவது 50, தூரத்திலிருந்து பார்த்தால் மூன்று கால்களும் ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். உள்பக்கச் செரிஃபை 45-ஆக வெட்டுங்கள், பழையபடி 100 கிடைக்கும். வெட்டியது யார் கண்ணுக்கும் தெரியாது.

அடுத்த தலைவலி பெரிய ஏ (A). அதன் இடக்கால் மெல்லிய கோடு, அதன் அடியில் தடித்த செரிஃப், தீக்குச்சிக்கு பூட்ஸ் மாட்டியது போல. இங்கே செரிஃபைக் கொஞ்சம் மெலித்து, சேரும் இடத்தில் சின்ன வளைவு கொடுத்தால் அடங்கிவிடும். வளைவே கூடாது, எல்லாம் கூர்மையான மூலையாகவே இருக்கட்டும் என்பவர்கள் உண்டு. அழகுதான், ஆனால் அப்போது எல்லா எழுத்திலும் அதே கண்டிப்பு வேண்டும்.

இடைவெளியில் தாராளம் வேண்டாம். செரிஃப்களே எழுத்துகளைத் தள்ளி நிறுத்திவிடும், எனவே செரிஃப் முனைக்கு வெளியே 10 முதல் 20 யூனிட் போதும். ஓ போன்ற உருண்டைகளுக்குச் செரிஃப் கிடையாது, அவற்றுக்கு அதைவிடக் கூடுதலாக விடுங்கள். கெர்னிங், அதாவது குறிப்பிட்ட எழுத்து ஜோடிகளின் நடுவெளியைத் தனித்தனியாகச் சரிசெய்வது, கடைசியில். இடைவெளி சரியில்லாத ஃபான்ட்டைக் கெர்னிங்கால் காப்பாற்ற நினைப்பது முடிவே இல்லாத வேலை.

பயன்படுத்துபவர்கள் ஒரு கணக்கை மனதில் வைத்தால் போதும். 24 யூனிட் கோடு 16 பிக்சல் அளவில் 0.4 பிக்சல்கூட வராது, திரை அதைச் சாம்பல் நிறமாகக் கரைத்துவிடும். 96 பிக்சலில் அதுவே 2.3 பிக்சல், அங்கேதான் இந்த ஃபான்ட் உயிரோடு இருக்கிறது. ஆகவே தலைப்பு, போஸ்டர், அட்டை, பெரிய எண்கள். பத்திக்கு வேண்டாம், பட்டனுக்கு வேண்டவே வேண்டாம். ஒரே கோப்பில் தடிமனை மாற்றிக்கொள்ளக்கூடிய வேரியபிள் ஃபான்ட்டில், அளவுக்கேற்ப வடிவம் மாறும் ஆப்டிகல் சைஸ் வசதியும் இருந்தால் சின்ன அளவுகளில் மெல்லிய கோடு தானாகத் தடிக்கும், அப்போது கொஞ்சம் கீழே இறங்கலாம்.

வரி இடைவெளியை எழுத்தின் அளவை ஒட்டியே, அதன் 0.95 முதல் 1.05 மடங்குக்குள் வையுங்கள், மேல் வரியின் வாலும் கீழ் வரியின் தலையும் மோதுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உடன் வரும் பத்திக்குக் கான்ட்ராஸ்ட் குறைந்த சாதாரண சான்ஸ் (செரிஃப் இல்லாத ஃபான்ட்) போதும், இன்னொரு ஸ்லாப் வந்தால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். போல்ட் கோப்பு இல்லாதபோது மென்பொருள் தானாகச் செய்யும் போலி போல்ட்டை நிறுத்திவையுங்கள், அது மெல்லிய கோட்டைத்தான் முதலில் ஊதவைக்கும். பக்கவாட்டில் இழுக்கவும் கூடாது, தண்டு பருக்கும், கிடைக்கோடு அப்படியே நிற்கும், நீங்கள் கணக்கிட்ட விகிதம் போச்சு.

அச்சில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைப்பதாக இருந்தால் மை பரவி மெல்லிய கோட்டை மூடிவிடும். அதற்கென்று கோடு 35, 40 யூனிட் உள்ள ஒரு தனி வடிவம் செய்துகொள்ளுங்கள், பின்னணிக் கறுப்பையும் நாலு மையில் கலக்காமல் ஒற்றைக் கறுப்பிலேயே அடிக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு மைக்கும் உரிய அச்சுத் தட்டுகள் கொஞ்சம் விலகினாலே அந்த வெள்ளைக் கோட்டில் நிறம் ஏறிவிடும்.