எம்.ஆர்.டி. வேலைக்குப் போகிறவர்கள் முதலில் பழக வேண்டியவை

புதுச்சேரியிலும் கடலூரிலும் பெரிய ஆஸ்பத்திரிகளில் எம்.ஆர்.டி. என்று ஒரு பிரிவு இருக்கும். மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் டிபார்ட்மென்ட், நோயாளிகளின் சிகிச்சை ஆவணங்களைச் சரிபார்த்துப் பாதுகாக்கும் இடம். ஃபைல் அடுக்குகிற வேலை என்று நினைத்து வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே திணறுவார்கள். டாக்டர் எழுதாமல் விட்டது எது என்று கண்டுபிடித்து, அவர் வார்டில் இருக்கும்போதே கேட்டு வாங்குவதுதான் இங்கே பாதி வேலை.

புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் மத்திய அரசு ஆஸ்பத்திரியான ஜிப்மரில் இதற்கென்றே பயிற்சி உண்டு. டெக்னீஷியனுக்கு 6 மாதம், ஆபீசருக்கு 1 வருடம். தகுதி, சீட் விவரத்தை அந்தந்த வருட அறிவிப்பில் பாருங்கள். சேரும் முன்பே உடற்கூறும், ஐட்டிஸ் என்றால் அழற்சி, எக்டமி என்றால் வெட்டி எடுத்தது என்கிற மாதிரி சொல் விகுதிகளும் கைவசம் இருக்கட்டும். டைப்பிங் வேகம் தானாக வரும்.

நோயாளி டிஸ்சார்ஜ் ஆன அன்றே அவருடைய சிகிச்சைக் குறிப்புகள் அடங்கிய கேஸ் ஷீட்டைப் புரட்டுங்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்து, தேதி, நேரம், ஆபரேஷன் நோட்ஸ், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். லேப் ரிப்போர்ட்டில் பெயரை மட்டும் நம்பாதீர்கள், ஐ.பி. நம்பரை (உள்நோயாளி எண்) ஒப்பிடுங்கள், ஒரே பெயரில் ஒரே வார்டில் இரண்டு பேர் படுத்திருப்பது சகஜம். குறையை ஒரு வாரம் தள்ளிப்போட்டால் ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி டாக்டர்) வேறு டிபார்ட்மென்டுக்கு மாறியிருப்பார்.

அடுத்தது ஐ.சி.டி-10 கோடிங், அதாவது உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல்படி ஒவ்வொரு நோய்க்கும் காயத்துக்கும் கோடு போடுவது. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டப் போனவரின் ஷீட்டில் ‘பாம்புக்கடி’ என்று மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். விஷப்பாம்பு என்றால் வெளிக்காரணக் கோடு (காயம் எதனால் வந்தது என்பதற்கான கோடு) எக்ஸ்20, விஷமில்லாதது என்றால் டபிள்யூ59. கோடின் நான்காவது இலக்கம் சம்பவம் எங்கே நடந்தது என்பதைச் சொல்லும். வயலுக்கு 7, ஆக எக்ஸ்20.7. விஷமுறிவு மருந்து ஏற்றிய குறிப்பு மருந்துச் சீட்டில் இருந்தாலும் நீங்களாக முடிவு கட்டக்கூடாது. டாக்டரிடம் “விஷப்பாம்புதானே சார்?” என்று பதிலை ஊட்டியும் கேட்காதீர்கள். “20 நிமிட ரத்த உறைவுச் சோதனை முடிவும் விஷ அறிகுறியும் ஷீட்டில் இல்லை, எழுதித் தர முடியுமா?” என்று கேளுங்கள். பதில் அவர் கையெழுத்தில், அன்றைய தேதியோடு வர வேண்டும். பழைய தேதி போட்டு நுழைத்த வரி கோர்ட்டில் நிற்காது.

இறப்புக் காரணப் படிவத்தில்தான் அதிகத் தப்பு. படிவம் 4-இல் ‘இதயம் நின்றது’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். சாகிற எல்லோருக்கும் இதயம் நிற்கும், அது காரணமாகாது. முதல் வரியில் உடனடிக் காரணம், அதற்குக் கீழே நிரப்பியவற்றில் கடைசி வரியில் எல்லாவற்றையும் தொடங்கிவைத்த நோய். அந்தத் தொடக்க நோயே எழுதப்படாமல் இருந்தால் திருப்பி அனுப்புங்கள், சீனியர் டாக்டராக இருந்தாலும்.

அடுக்குவதற்குக் கடைசி இலக்க முறை பழகுங்கள். ஃபைல் நம்பர் 43-17-85 என்றால் முதலில் 85-ஆம் பிரிவு, அதில் 17, அதற்குள் 43. புது ஃபைல்கள் ஒரே அலமாரியில் குவியாமல் 100 பிரிவிலும் பரவும். ஃபைலை எடுத்தால் அந்த இடத்தில் யார், எப்போது, எதற்கு எடுத்தார் என்று எழுதிய அட்டையைச் சொருகுங்கள்.

மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிப்படி உள்நோயாளி ரெக்கார்டை 3 வருடம் வைத்திருக்க வேண்டும். நோயாளி நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எம்.எல்.சி. ஃபைல் (விபத்து, அடிதடி மாதிரி போலீஸ், கோர்ட் சம்பந்தப்பட்டது) தனிப் பூட்டில், வழக்கு முடியும் வரை. நகல் கேட்டு வருபவர் சொந்தக்காரர் என்று சொன்னால் போதாது. நோயாளியின் சம்மதக் கடிதமும் அடையாள அட்டையும் வாங்கிக்கொண்டு ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.