நீலக்கல் தோட்டைக் கழுவும் முன் பின்புறத்தைப் பாருங்கள்

ரங்கூன் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பாட்டியிடமிருந்து தாய்க்கும் தாயிடமிருந்து மகளுக்கும் வந்து சேர்ந்த ஓர் இணை நீலக்கல் தோடு இருக்கும். மாந்தலேக்கு வடக்கே மலைகளுக்கு நடுவில் உள்ள மொகோக் சுரங்கப் பகுதி சிவப்புக்கல்லுக்குப் பெயர் பெற்றதாயினும், அடர்ந்த நீல நிறமுடைய நீலக்கல்லும் அதே மண்ணிலிருந்துதான் கிடைக்கிறது. பர்மிய மொழியிலும் இதற்கு ‘நீலா’ என்றே பெயர். பாலி மொழி வழியே வந்த சொல்லாதலால், கடைக்காரர் பர்மியத்தில் பேசினாலும் கல்லின் பெயர் மட்டும் நமக்கு விளங்கிவிடும்.

என் தாயாரின் தோட்டை நான் முதன்முதலாகச் சுத்தம் செய்தபோது, வெதுவெதுப்பான சோப்பு நீரில் இரவு முழுவதும் ஊறவைத்தேன். காலையில் எடுத்துப் பார்த்தால் ஒரு காதின் கல் மட்டும் மை ஊறியதுபோல் கறுத்திருந்தது. கல்லுக்கு எதுவும் ஆகவில்லை. அதன் பின்னால் வைத்து மூடியிருந்த பளபளப்புத் தகட்டில் நீர் இறங்கிவிட்டது. அதனால்தான், சுத்தம் செய்யக் கற்பவர்களுக்குச் சோப்பைப் பற்றிச் சொல்லும் முன் தோட்டைத் திருப்பிப் பார்க்கச் சொல்கிறேன்.

முதல் படியாக, திருகைக் கழற்றி, தோட்டின் பின்புறத்தை வெளிச்சத்தில் காட்டுங்கள். கல்லின் அடிப்பகுதி கண்ணுக்குத் தெரிந்து, ஒளி ஊடுருவி வந்தால் அது திறந்த கட்டு. பொன் தகட்டால் முழுவதும் அடைக்கப்பட்டிருந்தால் அது மூடிய கட்டு. பழைய பாணித் தோடுகள் பெரும்பாலும் இவ்வகையே. கல்லின் நிறத்தை எடுத்துக்காட்டுவதற்காக அதனுள் மெல்லிய தகடு வைத்திருப்பார்கள். சில தோடுகளில் உள்ளே அரக்கும் நிரப்பியிருப்பார்கள். தகட்டுக்கு நீர் ஆகாது, அரக்குக்குச் சூடு ஆகாது. ஏப்ரல் மாதத் தண்ணீர்த் திருவிழாவின்போது தெருவில் இறங்க எண்ணுபவர்கள் மூடிய கட்டுத் தோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்வது நல்லது.

அடுத்து, அந்த நீலம் எந்தக் கல் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கற்கள் கீறலைத் தாங்கும் திறனை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் கடினத்தன்மை அளவில் நீலக்கல் 9 என்னும் இடத்தில் இருக்கிறது. வைரம் மட்டுமே அதற்கு மேல். இரும்பும் டைட்டானியமும் மிகச் சிறிய அளவில் கலந்திருப்பதால் அதற்கு நீல நிறம் வருகிறது. ஆனால் நீலமாக இருப்பதெல்லாம் நீலக்கல் அல்ல. மொகோக்கிலேயே கிடைக்கும் ஸ்பைனல் 8; நீல ஒளி தவழும் நிலாக்கல் ஏறத்தாழ 6; அபடைட் 5 மட்டுமே. ஆப்பிரிக்காவிலிருந்து வரும் தான்சனைட் 6க்கும் 7க்கும் இடைப்பட்டது, திடீர்ச் சூட்டில் விரிசல் விடக்கூடியது. காற்றில் பறக்கும் வீட்டுத் தூசியிலேயே 7 கடினமுள்ள குவார்ட்ஸ் துகள்கள் கலந்திருப்பதால், நிலாக்கல்லையும் அபடைட்டையும் உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பதே அவற்றைக் கீறுவதற்குப் போதும்.

உலையில் செய்யப்படும் செயற்கை நீலக்கற்களும் சந்தையில் உண்டு. சுடரில் உருக்கி வளர்க்கும் முறையை பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னூய் 1902இல் வெளியிட்டார். அவையும் இயற்கைக் கல்லைப்போலவே கடினமானவை, பராமரிப்பில் வேறுபாடு இல்லை. கவலைக்குரியது வேறொன்று. விரிசல் நிறைந்த மலிவான கற்களில் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பி விற்கிறார்கள். அக்கண்ணாடியை எலுமிச்சைச் சாறுகூட அரித்துவிடும். ஆகவே வாங்கும்போது, சூடேற்றிய கல்லா என்பதோடு நிறுத்தாமல், கண்ணாடி நிரப்பியதா என்றும் கேட்டு, பதிலைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிறம் மேம்படக் கல்லைச் சூடேற்றுவது உலகெங்கும் வழக்கமான முறை. அத்தகைய கல்லைத் தயங்காமல் கழுவலாம்.

மூன்றாவதாக, கழுவும் முன்பே கல் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். தோட்டைக் காதருகே பிடித்து விரலால் மெல்லத் தட்டினால், தளர்ந்த கல் கிடுகிடுவென ஒலிக்கும். பிறகு மெல்லிய பருத்தித் துணியைக் கல்லின் மேல் இழுத்துப் பாருங்கள். நூல் எங்கே சிக்குகிறதோ, அங்கே கல்லைப் பிடித்திருக்கும் பொன் நகம் எழும்பியிருக்கிறது. இந்த இரண்டில் ஒன்று தெரிந்தாலும் கழுவாமல் நேரே பத்தரிடம் கொண்டு செல்லுங்கள்.

இனிக் கழுவும் முறை. இது திறந்த கட்டுக்கு மட்டுமே உரியது. இரண்டு கிண்ணங்களில் வெதுவெதுப்பான நீர் எடுத்து, ஒன்றில் பாத்திரம் கழுவும் திரவத்தை இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். தோட்டைப் பத்து நிமிடம் ஊறவைத்து, குழந்தைகளுக்கான மென்மையான பல்துலக்கியால், முன்புறத்தைவிடப் பின்புறத்தை அதிகமாகத் தேயுங்கள். கல்லின் முகத்தின் வழியே நுழையும் ஒளி, கீழே பட்டை தீட்டிய பக்கங்களில் பட்டுத் திரும்பி மீண்டும் முகத்தின் வழியே வெளிவருவதைத்தான் மினுமினுப்பு என்கிறோம். அடிப்பக்கத்தில் எண்ணெய்ப் படலம் ஒட்டியிருந்தால் ஒளி திரும்பாமல் அதன் வழியே கசிந்துவிடும். முகம் பளிச்சென்று இருந்தும் கல் மங்கித் தெரிவதற்கு இதுவே காரணம். இவ்வூரில் நம் வீட்டுப் பெண்களும் கன்னத்தில் தனகா பூசுகிறார்கள், தலைக்கு எண்ணெயும் வைக்கிறார்கள். மரப்பட்டையை அரைத்த அந்த விழுது எண்ணெயோடு சேர்ந்து தோட்டின் பின்னால் காரைபோல் இறுகிவிடுகிறது. இறுகிய இடத்தை ஊசியால் சுரண்டாமல், மறுபடியும் ஊறவைத்துத் தேயுங்கள்.

பிறகு இரண்டாவது கிண்ணத்து நீரில் அலசுங்கள். கழுநீர்த் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு அலசினால், தளர்ந்த கல்லோ திருகோ நீரோடு போய்விடும். அலசியபின் பழைய வேட்டித் துணியில் ஒற்றி எடுத்து, அரை நாள் நிழலில் உலரவிடுங்கள்.

மூடிய கட்டுத் தோட்டை நீரில் போடக்கூடாது. துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, கல்லின் முகத்தை மட்டும் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். கண்ணாடி நிரப்பிய கல்லுக்கும் இதுவே போதுமானது. கடைகளில் உள்ள, ஒலி அதிர்வால் நகையைக் கழுவும் அல்ட்ராசோனிக் இயந்திரத்தில் இவ்விரண்டையும் போட அனுமதிக்காதீர்கள். புளி, எலுமிச்சை, பற்பசை, திருநீறு எல்லாம் பித்தளை விளக்குக்கும் வெள்ளிக் கிண்ணத்துக்கும் உரியவை. பூவந்திக்கொட்டை நீரில் பொன்னைத் துலக்குவது பழைய வழக்கம்தான். கல் பதித்த தோட்டுக்கு நான் அதையும் தவிர்க்கிறேன்.

திருகைத் தனியாகக் கவனியுங்கள். காணாமல் போகும் தோடுகள் பெரும்பாலும் மரை தேய்ந்த திருகினால் போகின்றன. பல்துலக்கியால் மரையில் உள்ள அழுக்கை எடுத்து, திருகிப் பார்த்து, பாதியில் வழுக்கினால் மாற்றிவிடுங்கள்.

அணியும்போது எண்ணெய், தனகா, வாசனைத் திரவியம் எல்லாம் முடிந்த பின் கடைசியாகத் தோட்டைப் போட்டு, வீடு திரும்பியதும் முதலில் அதைக் கழற்றுங்கள். நீச்சல் குளத்துக் குளோரின் கல்லை விட்டுவிட்டுப் பொன்னில் கலந்த பிற உலோகங்களையும் பற்றவைத்த இடங்களையும் தாக்கும். வைக்கும்போது ஒவ்வொரு தோட்டையும் தனித்தனித் துணியில் சுற்றுங்கள்; 9 கடினமுள்ள கல் தன் இணையின் பொன்னைக் கீறும், பக்கத்தில் இருக்கும் முத்தைத் தேய்த்தே விடும். மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை பெய்யும் ரங்கூன் மழையில் பெட்டிக்குள் ஈரம் ஏறுவதால், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டு வைக்கலாம். முத்தும் ஓபலும் உள்ள பெட்டியில் அது வேண்டாம், ஏனெனில் அவற்றுக்குச் சிறிது ஈரம் தேவை.

கடைசியாகப் பழுதுபார்க்கக் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியது. பொன்னை ஒட்டுவதற்குப் பற்றாசு வைத்துச் சுடரை ஊதும்போது பூசும் வெண்காரம், அந்தச் சூட்டில் நீலக்கல்லின் மேற்பரப்பையே அரித்து மங்கவைக்கும். வைரத்தைப்போல் இதுவும் தாங்கும் என்று எண்ணிக் கல்லோடு சேர்த்து ஊதிவிடுபவர்கள் உண்டு. கல்லைக் கழற்றிய பிறகே ஊத வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கொடுக்கும் முன் கல்லின் முகத்தையும் பின்புறத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, திரும்ப வாங்கும்போது கடையை விட்டு இறங்கும் முன் பத்தரின் எதிரிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். நல்ல பத்தர் அதற்கு முகம் சுளிக்க மாட்டார்.