மாலத்தீவு ரிசார்ட்: அறையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

மாலத்தீவுக்குப் போகலாம் என்று வீட்டில் பேச்சு வந்ததும் நம்மில் பலர் செய்கிற முதல் வேலை, தண்ணீருக்கு மேல் நிற்கும் வில்லாக்களின் படங்களைப் பார்ப்பதுதான். கண்ணாடித் தரை, தனி நீச்சல் குளம், படுக்கையறையிலிருந்து நேராகக் கடலில் போய் விழும் சறுக்கு. எந்தப் படம் பிடித்ததோ அந்த ரிசார்ட்டுக்கு முன்பணம் கட்டிவிடுகிறார்கள். ஏமாற்றத்தின் பெரும்பகுதி இந்த ஒரு பழக்கத்திலிருந்துதான் வருகிறது.

1972-இல் குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறந்ததிலிருந்து அங்கே பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட்தான். போய் இறங்கிய பிறகு சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் பக்கத்துத் தெருவுக்குப் போக முடியாது. கடல் சரியில்லை என்றால் வேறு கடற்கரை தேட முடியாது. பல தீவுகளைக் கால் மணி நேரத்தில் நடந்தே சுற்றிவிடலாம். எனவே முதலில் தீவைப் பாருங்கள்: அதன் பவளத்திட்டு, காற்று, விமான நிலையத்திலிருந்து தூரம். அறையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

மேலிருந்து பார்க்காமல் விடுவது

ரிசார்ட்டின் இணையதளத்தை மூடிவிட்டு, கூகுள் மேப்பில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து அந்தத் தீவைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளை மணல் விளிம்பு தெரியும். அதை ஒட்டி வெளிர்நீலம். அது ஆழமில்லாத மணல் தரை, அதாவது லகூன். அதற்கு அப்பால் பழுப்பும் பச்சையும் கலந்த ஒரு பட்டை, பிறகு சட்டென்று கருநீலம். அந்தப் பட்டைதான் பவளத்திட்டு. கருநீலம் தொடங்கும் இடத்தில் திட்டு செங்குத்தாக இறங்குகிறது. ஆமை, சுறாக்குட்டி, கூட்டமாக மீன்கள் எல்லாம் தென்படுவது பெரும்பாலும் அந்த விளிம்பில்தான்.

மணலிலிருந்து விளிம்பு ஐம்பது அறுபது மீட்டரில் இருந்தால், கண்ணாடியும் ஸ்நோர்கெல் என்ற மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு நினைத்த நேரத்தில் நீங்களே நீந்திப் போகலாம். இதைத்தான் ஹவுஸ் ரீஃப் என்கிறார்கள். நாலு பக்கமும் வெளிர்நீலம் விரிந்து கிடந்தால் படம் எடுக்க அருமையான தீவு, ஆனால் மீன் பார்க்க ஒவ்வொரு முறையும் காசு கொடுத்துப் படகில் போக வேண்டும். நீச்சல் தெரியாதவர்களும் சின்னப் பிள்ளைகளும் உள்ள குடும்பத்துக்கு அந்த ஆழமில்லாத லகூன்தான் நல்லது. ஒன்று உசத்தி, மற்றது மட்டம் என்பதில்லை. உங்களுக்கு எது வேண்டும் என்று தெரியாமல் பணம் கட்டுவதுதான் தவறு.

இன்னொன்று. 1998-லும் 2016-லும் கடல் சூடேறியதால் மாலத்தீவுப் பவளங்கள் பெரிய அளவில் வெளுத்து அழிந்தன. சில இடங்களில் மீண்டு வந்திருக்கின்றன, சில இடங்களில் இல்லை. ரிசார்ட் போடும் கடலடிப் படம் எந்த வருடத்தியது என்று நமக்குத் தெரியாது. கடந்த ஆறேழு மாதத்தில் தங்கியவர்கள் போட்ட படங்களைத் தேடிப் பாருங்கள். மாலத்தீவின் பவளங்கள் பட்ட பாட்டைப் பார்த்தால், நன்றாக இருக்கும் ஒரு திட்டைக் கண்ணால் பார்க்கக் கிடைப்பதே பெரிய கொடுப்பினை என்று நான் நினைக்கிறேன்.

பள்ளி விடுமுறையும் காற்றின் திசையும்

நம்மூர்க் குடும்பங்களுக்கு வசதியான மாதம் மே. அங்கே தென்மேற்குப் பருவக்காற்று கிளம்புகிற நேரமும் அதுதான். அக்டோபர் வரை மழையும் காற்றும் வந்து வந்து போகும். டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வானம் தெளிந்து கடல் அடங்கியிருக்கும், விலையும் உச்சத்தில் இருக்கும். மே மாதம் போகவே கூடாது என்று சொல்லவில்லை. விலை நன்றாக இறங்கும், நாள் முழுக்க மழை என்பது அபூர்வம். ஆனால் அந்த மாதங்களில் தீவின் மேற்குப் பக்கத்தில்தான் பொதுவாக அலையும் காற்றும் அதிகம். சூரிய அஸ்தமனம் தெரியும் என்று கூடுதல் காசு வாங்கும் வில்லாக்களும் அதே மேற்கில்தான் இருக்கின்றன! காற்றடிக்கும் தளத்தில் உட்கார முடியாமல் கதவை மூடிக்கொண்டு கிடப்பதற்கா அந்தப் பணம்? மே முதல் அக்டோபர் வரை கிழக்குப் பக்கம் கேளுங்கள். விலையும் குறைவு.

மந்தா திருக்கை பார்ப்பதற்காகப் போகிறவர்கள் மாதத்தைத் தவறவிட்டால் மொத்தமும் வீண். பா அட்டோலில் (அட்டோல் என்றால் வளையமாக அமைந்த பவளத்தீவுக் கூட்டம்) உள்ள ஹனிஃபாரு விரிகுடாவில் அவை கூட்டமாக வருவது தென்மேற்குப் பருவத்தில், சுமார் ஜூன் முதல் நவம்பர் வரை. அங்கே ஸ்நோர்கெல்லிங் மட்டும்தான், காற்று உருளையோடு மூழ்கும் ஸ்கூபாவுக்கு அனுமதி இல்லை. டிசம்பரில் போகிறவர்களுக்குத் திமிங்கலச் சுறா வேண்டுமென்றால் தெற்கு ஆரி அட்டோல் பக்கம் பார்க்கலாம். அங்கே வருடம் முழுக்கத் தென்படும்.

போய்ச் சேருவதைக் கணக்கில் எடுக்காமல் இருப்பது

மாலே விமான நிலையத்தில் இறங்கினால் ரிசார்ட்டுக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தமில்லை. வடக்கு, தெற்கு மாலே அட்டோல் தீவுகளுக்கு ஸ்பீட்போட். தூரத்துத் தீவுகளுக்கு, தண்ணீரில் இறங்கும் விமானமான சீப்ளேன், அல்லது உள்ளூர் விமானமும் படகும். சீப்ளேனுக்கு ஒருவருக்குப் போக வர 400 முதல் 600 டாலர் வரை ஆகிவிடுகிறது. அறை வாடகையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது.

சீப்ளேன் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். உங்கள் விமானம் பிற்பகல் மூன்றரை மணிக்குப் பிறகு மாலேயில் இறங்கினால் அன்றைக்குப் பொதுவாக சீப்ளேன் கிடைக்காது. மாலேயிலோ பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயிலோ ஓர் இரவு தங்க வேண்டும், அதே நேரத்தில் ரிசார்ட்டில் அந்த இரவுக்கும் வாடகை ஓடிக்கொண்டிருக்கும். முதலில் டிக்கெட்டைச் சலுகையில் வாங்கிவிட்டு அப்புறம் தீவைத் தேடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். தீவை முடிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்ற நேரத்தில் வரும் விமானத்தைத் தேடுங்கள். உங்கள் சீப்ளேன் எத்தனை மணிக்கு என்பது முந்தின நாள் மாலையில்தான் உறுதியாகும். காத்திருப்பு இரண்டு மூன்று மணி நேரம்கூட ஆகலாம். பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோவுக்கு மேல் போனால் தனிக் கட்டணம்.

மேலிருந்து அந்த நீலத்தைப் பார்ப்பது வாழ்நாளுக்கும் நினைவிருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் மூன்றே இரவுதான் என்றால் ஸ்பீட்போட்டில் போகும் தீவையே எடுங்கள் என்பேன். இரண்டு பக்கமும் அரை அரை நாள் மிச்சம்.

விளம்பர விலையை நம்புவது

டாலர் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று அதற்கு அர்த்தம். இரவுக்கு 500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சேவைக் கட்டணம் 10 சதவீதம் சேர்ந்து 550. அதன்மேல் சுற்றுலா வரி. 2025 ஜூலையிலிருந்து அது 17 சதவீதம். ஆக 643 டாலர் 50 சென்ட். இதோடு பசுமை வரி, ரிசார்ட்டில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். இரண்டு பேருக்குச் சேர்த்தால் 667 டாலர் 50 சென்ட். நாலு இரவுக்கு 2,670. இரண்டு பேருக்கு சீப்ளேன் 1,000 என்றால் மொத்தம் 3,670 டாலர். விளம்பரத்தைப் பார்த்து நீங்கள் போட்ட கணக்கு 2,000. இன்னும் மதியச் சாப்பாடே வரவில்லை!

சாப்பாட்டுக்கு வருவோம். காலை உணவு மட்டும் சேர்ந்த அறை மலிவாகத் தெரியும். ஆனால் வெளியே கடையே இல்லாத இடத்தில் தண்ணீர் பாட்டில் முதல் எல்லாவற்றுக்கும் அவர்கள் சொல்வதுதான் விலை. மது அருந்தாதவர்களுக்கு மூன்று வேளை சாப்பாடு சேர்ந்த திட்டமே பெரும்பாலும் போதும், மதுவும் சேர்ந்த முழுத் திட்டம் தேவைப்படாது. சைவக்காரர்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள். பல ரிசார்ட்டுகளில் இந்தியச் சமையல்காரர்கள் இருக்கிறார்கள், சொன்னால் செய்துதருவார்கள். ஆனால் அந்த ஊர்ச் சமையலில் சூரை மீன் இல்லாத பண்டம் குறைவு. காலையில் தேங்காய்த் துருவல் மாதிரி வைத்திருக்கும் மஸ் ஹுனியிலும் மீன்தான்.

டிசம்பர் 24, 31 தேதிகளில் விருந்துக்கான கட்டணத்தைப் பல இடங்களில் கட்டாயமாக வாங்குகிறார்கள். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வில்லா மட்டும்தான் மாலத்தீவு என்று நினைப்பது

சில ரிசார்ட்டுகள் சின்னக் குழந்தைகளைத் தண்ணீர் வில்லாவில் அனுமதிப்பதில்லை. அனுமதித்தாலும் தடுப்பில்லாத படிக்கட்டும் கீழே கடலும் இருக்கும் வீட்டில் பெற்றோருக்குத் தூக்கம் வராது. கடற்கரை வில்லாவில் மரநிழல் உண்டு, வாசலிலேயே மணல் உண்டு, காற்றும் அவ்வளவு அறையாது. ஆசை விடவில்லை என்றால் முதல் சில நாள் கடற்கரையிலும் கடைசி இரவு தண்ணீர் மேலும் தங்கலாம். கேட்டால் பெரும்பாலும் ஏற்பாடு செய்கிறார்கள்.

கிளம்பும்போது

இந்தியர்கள் விசாவுக்கு முன்கூட்டியே அலைய வேண்டாம். ஆனால் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற அரசுத் தளத்தில் விவரங்களைப் பதிவு செய்ய வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் தளம் கண்ணில் பட்டால் மூடிவிடுங்கள். மது பாட்டில் எடுத்துப் போக அனுமதி இல்லை, வழியில் ட்யூட்டி ஃப்ரீயில் வாங்கியதற்கும் இதே விதிதான். வேப் எனப்படும் மின் சிகரெட்டுக்கும் தடை இருக்கிறது.