டென்மார்க்கில் முதல் மாதம்: முகவரி முதல் வரி அட்டை வரை

முகவரி இல்லாமல் சிபிஆர் எண் (அரசு ஒவ்வொருவருக்கும் தரும் அடையாள எண்) கிடையாது. அந்த எண் இல்லாமல், வங்கி, அரசுத் தளங்களில் நுழைய உதவும் மின் அடையாளமான மிட்-ஐடி கிடையாது. அதுவும் இல்லையென்றால் வங்கிக் கணக்கு, சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்று சொல்லும் வரி அட்டை எல்லாமே இழுபடும். எனவே வீடு பார்க்கும்போது வாடகையை விசாரிக்கும் முன்பே, "இந்த முகவரியில் பதியலாமா?" என்று கேட்டுவிடுங்கள். கூடாது என்று சொல்லும் ஆட்கள் உண்டு, உள்வாடகையில் குறிப்பாக. எவ்வளவு மலிவானாலும் அந்த வீடு வேண்டாம்.

சட்டப்படி மூன்று மாத வாடகை வரை டெபாசிட்டாகவும், இன்னொரு மூன்று மாதம் வரை முன்வாடகையாகவும் கேட்கலாம். வாடகை 8,000 குரோனர் என்றால் முதல் மாதத்தோடு சேர்த்து 56,000 வரை தேவைப்படும். சாவி வாங்கிய அன்றே தரை, சுவர், அடுப்பு, குழாய் என்று ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, குறைகளை 14 நாட்களுக்குள் வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கள். சொல்லாமல் விட்ட கீறல், காலி செய்யும்போது உங்கள் கணக்கில் ஏறும்.

குடிவந்த ஐந்து நாட்களுக்குள் கொம்யூனில் (உள்ளூராட்சி அலுவலகத்தில்) பதிய வேண்டும். பாஸ்போர்ட், வதிவிட அனுமதி, வாடகை ஒப்பந்தம், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் மூலப்பிரதிகளோடு குடும்பமாகவே போங்கள். அப்பா பெயர், இனிஷியல் குழப்பம் நமக்குத்தான் அதிகம். ஒப்பந்தத்தில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். சிபிஆர் எண்ணில் 10 இலக்கம்: முதல் ஆறு பிறந்த நாள், மாதம், ஆண்டு. அங்கேயே சரிபாருங்கள். விண்ணப்பத்தை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், தயக்கமே வேண்டாம். தமிழ் அகதிகள் தங்கள் குடும்பத்தை வரவழைக்கக் கொடுத்த விண்ணப்பங்களை 1987-ல் முடக்கிய விவகாரத்தால், 1993 ஜனவரியில் பிரதமர் பவுல் ஷ்லூட்டரே பதவி விலகிய நாடு இது.

வீட்டுக்குத் திரும்பியதும் தபால்பெட்டியில் எல்லோர் பெயரையும் ஒட்டுங்கள். பெயர் இல்லாத பெட்டியில் கடிதம் போட மாட்டார்கள். பதிந்த பின் தபாலில் வரும் மஞ்சள் மருத்துவ அட்டை திரும்பிப் போய்விடும். உங்கள் குடும்ப மருத்துவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் அந்த அட்டையில்தான் இருக்கும்.

அடுத்தது வரி அட்டை. முதல் சம்பளத்துக்கு முன் இதை எடுக்காவிட்டால் 55 சதவீதம் பிடிப்பார்கள். 30,000 குரோனர் சம்பளத்தில் முதலில் தொழிலாளர் பங்களிப்பு 8 சதவீதம், அதாவது 2,400 போகும். மீதி 27,600-ல் 55 சதவீதம் 15,180. சில்லறைப் பிடித்தங்களை விட்டுவிட்டாலும் கைக்கு வருவது 12,420 மட்டுமே. கூடுதலாகப் பிடித்தது பிறகு திரும்பக் கிடைக்கும், ஆனால் வாடகை அதுவரை காத்திருக்காது. பணம் திரும்பி வருவது நெம்கொன்டோவாக, அதாவது அரசு பணம் போடும் கணக்காகப் பதிந்த வங்கிக் கணக்குக்குத்தான். கணக்கு திறந்த கையோடு அதைப் பதிந்துவிடுங்கள். இரண்டு வேலை பார்ப்பவர்கள் கவனிக்க: வரிச்சலுகை அடங்கிய முதன்மை அட்டை ஒரு வேலைக்குத்தான், மற்றதற்குத் துணை அட்டை. அட்டையில் வருமானத்தைக் குறைத்துக் காட்டியிருந்தால் அடுத்த மார்ச்சில் ஆண்டுக்கணக்கு வரும்போது பாக்கி நிற்கும்.

மிட்-ஐடி கையில் வந்ததும், அரசுக் கடிதங்கள் வரும் மின் தபால்பெட்டியான டிஜிட்டல் போஸ்டைத் திறந்து, புதுக் கடிதத்துக்கு எஸ்எம்எஸ் வரும்படி வையுங்கள். அரசுக் கடிதம் அந்தப் பெட்டிக்குள் விழுந்தாலே உங்களிடம் சேர்ந்ததாகக் கணக்கு; டேனிஷ் புரியவில்லை, பார்க்கவில்லை என்பதெல்லாம் செல்லாது. யாராவது போனில் அழைத்து மிட்-ஐடியில் ஒப்புதல் கொடுக்கச் சொன்னால், வங்கி என்றாலும் போலீஸ் என்றாலும் உடனே வைத்துவிடுங்கள்.