ஆன்லைன் ரோல்பிளேல சென்சிட்டிவ் விஷயம் வந்தப்போ நாங்க பண்ணது

டிஸ்கார்ட் ஆப்ல வாய்ஸ் கால் போட்டு டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளாளுக்கு ஒரு கேரக்டரா பேசி கதையை ஓட்டுற கேம்) ஆடுற குரூப் எங்களுது, கதையை நடத்துற டிஎம் நான்தான். கதைல தற்கொலை சீன் ஒண்ணு வந்தப்போ ஒரு பிளேயர் அப்படியே சைலன்ட் ஆயிட்டாங்க, ஆன்லைன்ல முகம் தெரியாதுல்ல, நெட் போயிடுச்சுன்னு மத்தவங்க ஆட்டத்தை ஓட்டிட்டே இருந்தாங்க. உடனே பிரேக் விட்டு தனியா மெசேஜ் பண்ணேன். காரணம் கேக்கல, இந்த சீன் வேணுமான்னு மட்டும் கேட்டேன், வேணாம்னாங்க, கதைக்குள்ள மறுநாள் காலைக்கு தாவிட்டேன்.

அப்புறம் செஷன் ஸீரோ வச்சோம், அதாவது ஆடாம எது ஓகே எது வேணாம்னு பேசி வச்சுக்கற செஷன். பேர் கேக்காத ஒரு கூகுள் ஃபார்ம், எது கதைல வரவே கூடாது, எது திரைக்குப் பின்னாடி நடந்துட்டுப் போகட்டும்னு ரெண்டே கேள்வி, கேம் டிசைனர் ரான் எட்வர்ட்ஸோட லைன்ஸ் அண்ட் வெயில்ஸ் ஐடியாதான். சாதி, பாலியல் வன்முறை, குழந்தைங்க சாவு எல்லாம் வந்துச்சு. யாரு எழுதினதுன்னு தோண்டவே கூடாது, இது ரொம்ப முக்கியம்.

ஆடும்போது ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் 2013ல கொண்டு வந்த எக்ஸ் கார்டு, அதாவது ஒரு சீன் வேணாம்னா மேசைல இருக்கற எக்ஸ் போட்ட கார்டைத் தொட்டா போதும். நமக்கு தொட கார்டு இல்லாததால சாட்ல ஒரு எக்ஸ் டைப் பண்ணா போதும், விளக்கம் தேவையில்ல, சீன் மாறிடும். அதுக்காக கனமான கதையை விடல, போர், துக்கம் எல்லாம் இப்பவும் ஆடுறோம், முடிஞ்சதும் கேரக்டரை விட்டு வெளிய வந்து கொஞ்ச நேரம் சும்மா பேசிட்டுதான் கிளம்புவோம்.