வஹீதா ரஹ்மான் படங்களை எந்த வரிசையில் பார்ப்பது

இந்தி நடிகை வஹீதா ரஹ்மானைப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ‘கைடு’ படத்தில்தான் கை வைக்கிறார்கள். அதைப் பிறகு பாருங்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்தப் படத்தில் அவரது பாத்திரமான ரோஸி எழுந்து ஆடுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது, அந்தக் கால்கள் எங்கே பழகியவை என்று தெரிந்தவர்களுக்குத்தான் முழுதாகப் பிடிபடும். 1938-இல் செங்கல்பட்டில் பிறந்து, பரதம் கற்று, தென்னிந்தியப் படங்களில் ஒரு பாட்டுக்கு ஆடியபடி உள்ளே வந்தவர் அவர். பல குறிப்புகள் ஐதராபாத்தில் பிறந்ததாகச் சொல்லும். அவரே மறுத்த தகவல் அது.

எனவே முதல் நாள் அரை மணி நேரம் போதும். 1955-இல் வந்த ‘ரோஜுலு மாராயி’ தெலுங்குப் படத்தின் ‘ஏருவாக சாகாரோ’ பாட்டைத் தேடி எடுங்கள். அடுத்து ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தில் அவர் ஆடும் பாட்டு. ஒவ்வொன்றையும் இரண்டு முறை பாருங்கள், இரண்டாவது முறை ஒலியை நிறுத்திவிட்டு. ஒலி இருந்தால் தாளம் நம் கவனத்தைக் காலுக்கு இழுத்துவிடும். ஒலி போனதும் கழுத்தும் கண்ணும் எப்படி வேலை செய்கின்றன என்பது தெரியும். பிற்பாடு இந்தியில் அவரைத் தாங்கி நின்றது அந்தக் கண்தான்.

‘சி.ஐ.டி.’ (1956) முழுதாகப் பார்க்க நேரம் இல்லையென்றால் ‘கஹீன் பே நிகாஹேன்’ பாட்டு மட்டும் போதும். நாயகன் தப்பிப்பதற்காக வில்லனின் கவனத்தைத் திருப்ப ஆடும் ஆட்டம் அது. சிரிப்பு ஒருவனுக்கு, பதற்றம் இன்னொருவனுக்காக. இரண்டையும் ஒரே முகத்தில் வைத்திருக்கிறார், முதல் இந்திப் படத்திலேயே.

மூன்றாவது, ‘ப்யாசா’ (1957). இதை இடைநிறுத்தாமல் பாருங்கள். வஹீதா ஏற்ற பாலியல் தொழிலாளி குலாபோ, தன் பின்னால் வருபவனை வாடிக்கையாளன் என்று நினைத்து, தூண்களுக்கு நடுவே இருட்டில் இழுத்துப் போகும் ‘ஜானே க்யா தூனே கஹீ’ பாட்டு முடிந்ததும் உடனே அடுத்த காட்சிக்குத் தாவிவிடாதீர்கள். அவனிடம் காசில்லை என்று தெரிந்ததும் அவள் சீறி விரட்டுவதையும், தான் விரும்பிப் படித்த கவிதைகளை எழுதியவன் அவன்தான் என்று புரிந்ததும் முகம் மாறுவதையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். பாட்டை மட்டும் தனித்துணுக்காகப் பார்ப்பவர்கள் இழப்பது இந்த இடத்தைத்தான்.

‘காகஸ் கே பூல்’ (1959) பார்க்கும்போது ஒரு தொழில்நுட்ப எச்சரிக்கை. இது இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம். திரையின் அகலம் உயரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமாக இருக்க வேண்டும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை தெரிந்தால்தான் சரியான பிரதி. பழைய தொலைக்காட்சிப் பதிவுகளில் ஓரங்களை வெட்டியிருப்பார்கள். அப்போது ‘வக்த் நே கியா’ பாட்டில் ஒளிப்பதிவாளர் வி.கே. மூர்த்தி இறக்கிய ஒளிக்கற்றைக்கு இருபுறமும் நாயகனும் நாயகியும் விலகி நிற்கும் தூரம் காணாமல் போகும். அந்தத் தூரம்தான் காட்சியின் பொருள். தொலைக்காட்சிப் பெட்டியில் ‘ஸூம்’, ‘ஸ்ட்ரெச்’ அமைப்புகள் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

‘சௌத்வீன் கா சாந்த்’ (1960) கறுப்பு வெள்ளைப் படம், தலைப்புப் பாட்டு மட்டும் வண்ணத்தில் வந்தால் பிரதி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அந்தப் பாட்டை வண்ணத்தில் திரும்ப எடுத்தார்கள். ‘சாஹிப் பீபீ ஔர் குலாம்’ (1962) மீனா குமாரியின் படம். ஜபாவாக வஹீதா செய்யும் குறும்பைப் பாருங்கள், போதும். அதே ஆண்டு சத்யஜித் ராயின் ‘அபிஜான்’ வங்காளப் படத்திலும் நடித்தார்.

இப்போது ‘கைடு’ (1965). விஜய் ஆனந்த் இயக்கிய இந்திப் படம்தானா என்று தொடக்க எழுத்துகளில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆங்கிலத்தில் தனியாக வேறொருவர் இயக்கிய படமும் உண்டு, அதில் இந்தப் பாட்டுகள் கிடைக்காது. பாம்பாட்டிகள் குடியிருப்பில் ஒரு பெண் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ரோஸி, ஒரு கட்டத்தில் தானே இறங்கி ஆடுவாள். பாட்டு வரி எதுவும் இல்லை. கணவன் தடுத்து வைத்திருந்த கலை உடம்பை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. மெருகேற்றிய அழகு வேண்டாம் என்று தெரிந்தே ஆடுகிறார். முதல் நாள் பார்த்த துணுக்குகள் இங்கேதான் பயன்படும்.

அடுத்து ‘தீஸ்ரீ கஸம்’ (1966). நௌடங்கி என்ற வட இந்திய நாட்டுப்புற நாடக மேடையில் ஆடும் ஹீராபாய் பாத்திரத்துக்குத் தேர்ந்த பரதக்காரியின் சுத்தம் பொருந்தாது. அதைக் குறைத்து ஆடியிருப்பதை ரோஸியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். படம் மெதுவாகத்தான் போகும், மாட்டுவண்டியின் வேகம் அது. இரவு பதினோரு மணிக்குத் தொடங்கினால் தூங்கிவிடுவீர்கள், மதியம் பாருங்கள்.

பிறகு ‘காமோஷீ’. ஆட்டமே கிடையாது, மனநோய் விடுதியில் வேலை பார்க்கும் செவிலி. ‘தும் புகார் லோ’ பாட்டில் பாடுவது வேறொருவர், கேட்பது மட்டும்தான் இவர் வேலை. எங்கள் கணக்கில் அவரது ஆகச் சிறந்த நடிப்பு இதுதான், தேசிய விருது ‘ரேஷ்மா ஔர் ஷேரா’வுக்குக் (1971) கிடைத்திருந்தாலும்.

அம்மா வேடங்களை எல்லாம் துரத்த வேண்டியதில்லை. ‘அதாலத்’ (1976) படத்தில் அமிதாப் பச்சனின் மனைவி, இரண்டே ஆண்டில் ‘த்ரிஷூல்’ படத்தில் அவருக்கே அம்மா. இந்தி சினிமா நாயகியரை எவ்வளவு சீக்கிரம் முதியவராக்கியது என்பதற்கு இந்த இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பார்த்தாலே விளங்கும். பிற்காலத்துக்கு ‘ரங் தே பஸந்தி’ (2006) போதும். தமிழிலேயே வேண்டுமென்றால் ‘விஸ்வரூபம் 2’ (2018): நினைவு தப்பிய தாயாக, கமல்ஹாசனுக்கு எதிரே.

விருதுகளைக் குறித்து வைப்பவர்களுக்கு: தாதாசாகேப் பால்கே விருது 2021-ஆம் ஆண்டுக்கானது, அறிவித்ததும் வழங்கியதும் 2023-இல். இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தே எழுதுங்கள். தேடும்போது ‘வஹீதா ரெஹ்மான்’, ‘வகிதா ரகுமான்’ என்ற எழுத்துகளையும் போட்டுப் பாருங்கள். பழைய தமிழ்ப் பதிவுகள் பல அந்தப் பெயர்களில்தான் கிடக்கின்றன.